மாப்பிள்ளை போட்ட துரு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கணவன் நல்லவன். குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான், என் தங்கையைக் கண் கலங்க விட்டதில்லை. அவனிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து தேடுகிறேன், சிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரில் பார்த்தால் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்பேன். மனசுக்குள் அவன், இவன்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் இருப்பது செங்கல்பட்டில். வேலை மறைமலைநகரில், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில். பெயிண்ட் அடித்து வரும் பம்பர்களை வெள்ளை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். தூசி உட்கார்ந்திருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டுவேன். பம்பர் திரும்பிப் போய்விடும். நாள் முழுக்க இதே வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடும் தட்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை.

இந்தக் கண்ணுக்கு ஏற்ற மாதிரி எனக்கு ஒரு பைத்தியம் வாய்த்தது. மாடல் வண்டி செய்வது. நிஜமான பைக்கை, காரை அளவு குறைத்து, உள்ளங்கையில் நிற்கிற மாதிரி செய்வது. பெட்டிக்குள் துண்டு துண்டாக பிளாஸ்டிக் பாகங்கள் வரும். வெட்டி, தேய்த்து, பட்டி பார்த்து, ஒட்டி, பிரைமர் அடித்து, கலர் அடித்து, மேலே கிளியர் கோட் என்கிற பளபளப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். தூசி வரக்கூடாது என்பதற்காக நான் பெயிண்ட் அடிப்பது குளியலறையில். சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்துக் காற்றில் இருக்கிற தூசியை அடக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே என் மனைவி கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அவள் கத்தல் பழகிவிட்டது, பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைப் பிடிக்கிற கை நடுங்காது.

ஹாலில் கண்ணாடி ஷோகேஸ் முழுக்க என் வண்டிகள்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் டிவியைப் பார்க்க மாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள். "தொடாதீங்க" என்று நான் சொல்வேன். அம்மாவிடமும் அதையேதான் சொல்வேன். அம்மா ஷோகேஸ் மேல் துணி போட்டுத் துடைக்க வந்தால்கூடக் கத்துவேன்.

மாப்பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் கடை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர், பைக் வாடகைக்கு விடுகிறான். வெள்ளைக்காரன் ஓட்டிக் கீழே போட்டுவிட்டு வந்தால், இவனே பிரித்து இவனே மாட்டுவான். ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தவன் ஷோகேஸ் முன்னால் நின்றவன்தான், இலை போட்டுக் கூப்பிட்டும் நகரவில்லை.

"மச்சான், இதுல செயினெல்லாம் தனித்தனியா கீதே. எனக்கும் கத்துக் குடுங்க மச்சான்."

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான். தங்கைக்கு அவன் உசத்தி, அம்மாவுக்கு அவன் உசத்தி, என் மனைவிகூட "அண்ணன் எவ்ளோ பொறுமை பாருங்க" என்பாள். இதிலுமா வந்து நிற்க வேண்டும்? ஆனாலும் மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா. பரண்மேல் கிடந்த ஒரு பழைய ஸ்கூட்டர் பெட்டியைக் கொடுத்தேன். அதில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது, இரண்டு மூன்று பாகம் காணாமல் போயிருந்தது. அலுத்துப்போய் விட்டுவிடுவான் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். என் சட்டைப் பையில் எப்போதும் கம்பெனி ஸ்டிக்கர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் ஸ்கூட்டரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தேன். மட்கார்டில் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று, முன்பக்கம் ஒன்று.

"இன்னா மச்சான், மொத்த வண்டியும் ரிஜெக்டா?" என்று சிரித்தான்.

"பெயிண்ட் வழிஞ்சிருக்கு மாப்ள, இங்க பாருங்க."

"அது வழியல மச்சான். ஆயில் லீக்கு. நான்தான் போட்டேன்."

"ஆயில் லீக் ஆனா வொர்க்ஷாப்ல வுடணும். ஷோகேஸ்ல வைக்கக் கூடாது."

அவன் அதற்கும் சிரித்தான். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "சாப்புட வந்த மனுஷனாண்ட இன்னாடா இது பேஜாரு" என்று என் கையிலிருந்து ஸ்டிக்கரைப் பிடுங்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், நான் ஸ்டிக்கர் ஒட்டாத இடம் ஒன்று இருந்தது. கைப்பிடி. இடது பக்க ரப்பர் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது, வலது பக்கம் அதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. ஆக்சிலேட்டர் முறுக்குகிற பக்கம் அல்லவா! இது எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன்பிறகு வந்ததுதான் பெரிய வினை. இறந்துபோன அப்பாவின் நினைவு நாளில் எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தோம். படையல் முடிந்து இலையை எடுத்த பிறகு, அம்மா அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கப்பா வண்டி மாரி ஒன்னு செஞ்சி குடுடா. படத்தாண்ட வெச்சிக்கிறேன். வெறும் படமா பாக்க ஒரு மாரியா கீது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னை. அத்தனை வருடத்தில் அம்மா என் மாடல் வண்டிகளைப் பற்றிப் பேசிய ஒரே நல்ல வார்த்தை அதுதான். "செஞ்சிடலாம்மா" என்றேன். ஆனால் பக்கத்தில் மாப்பிள்ளையும் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டான்.

அப்பாவின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு டேங்க் வைத்த டூ ஸ்ட்ரோக் பைக். அப்பா கொத்து வேலை மேஸ்திரி. நாங்கள் படாளத்தில் இருந்தபோது எங்கள் தெருவில் முதலில் பைக் வாங்கியவர் அவர்தான். கொல்லூறு என்கிற பூச்சுக் கரண்டி, தூக்குச்சட்டி, சுவரைச் சமன்படுத்தும் மட்டப்பலகை எல்லாவற்றையும் அதிலேயே கட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் போவார். முட்டி வலி வந்து வண்டி ஓட்ட முடியாமல் போனதும், "கடையில பத்தோட பதினொண்ணா நிக்கட்டும்" என்று மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அப்போது எனக்கென்று ஒரு பைக் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமா வேண்டாமா? அப்பா போன பிறகு, கடல் காற்று அந்த வண்டியின் ஃபிரேமைத் தின்று, கடைசியில் அது பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பா வண்டியைக் கடைசியாக ஓட்டினவன் அவன்.

சரி, வண்டிதான் போய்விட்டது, மாடலாவது நான் செய்வது என்று இறங்கினேன். அந்த வண்டிக்கு எந்த ஊரிலும் பெட்டி கிடையாது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டித்தான் செய்ய வேண்டும். எஞ்சினில் அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டி அடுக்கினேன். பழைய இயர்போன் ஒயரை உரித்து கிளட்ச் கேபிள் செய்தேன். ஸ்போக்ஸ் மட்டும் என் உயிரை எடுத்தது, கிடார் கம்பியில் கோத்தேன். பாதி வேலையில் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, அவரும் அப்பா வண்டி செய்றாருண்ணா. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

"அம்மா என்னாண்டதானே கேட்டாங்க? அவரு எதுக்கு செய்யணும்?"

"ஏண்ணா, அவரு செஞ்சா இன்னா? அவருக்கும் மாமாதானே?"

போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இது மாடல் இல்லை, பந்தயம். படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு சாண் இடத்தில் என் வண்டிதான் நிற்க வேண்டும். என் வீடு, என் அப்பா, என் அம்மா. அவன் செய்ததைக் கொண்டுவந்து அங்கே வைத்தால், நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க வேண்டும். செத்தாலும் விடக்கூடாது என்று நினைத்தேன்.

டேங்க் சிவப்புக்கு மட்டும் எத்தனை தடவை கலந்தேன், சுரண்டினேன், மறுபடி கலந்தேன் என்று கணக்கே இல்லை. அப்பா முதல்நாள் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் பார்த்த சிவப்பு வர வேண்டும். வந்தது. கிளியர் கோட் அடித்து, மெழுகு போட்டுத் தேய்த்ததில், டேங்கில் என் மூக்கு தெரிந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டேன். ஒரே ஒரு தடவை, கொஞ்சம் பழசாகக் காட்டலாமா என்று தோன்றிப் பிரஷ்ஷில் பழுப்பு நிறம் தொட்டு சைலன்சரில் ஒரு பொட்டு வைத்தேன். மனசு ஒப்பவில்லை. இத்தனை வருடமாகத் தூசியைத் துரத்தின கை. உடனே தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். என் வண்டியைப் பெட்டியில் பஞ்சு வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் மனைவி வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறத நான் பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டாள்.

கடை வாசலில் ஸ்கூட்டர்களைக் கழுவி வரிசையாக நிறுத்தி மாலை போட்டிருந்தான். அந்த வரிசைக்கு நடுவிலேயே ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பரப்பி வைத்த ஒரு பெஞ்ச். பெஞ்ச் மேல் அவன் செய்த வண்டி நின்றது. பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

சீட் கிழிந்து, தைத்திருந்தது. எஞ்சின் தகடுகளுக்கு நடுவில் சிமெண்ட் தூசி. இடது பக்க இண்டிகேட்டரைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. டேங்க் ஓரத்தில், பெட்ரோல் மூடிக்குக் கீழே, துரு. பெயிண்டுக்குள் இருந்து கிளம்பி, பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வந்த துரு. ஒரு பக்கத்தில் மட்டப்பலகையை டியூப் துண்டால் இழுத்துக் கட்டியிருந்தது. அப்பா இறங்கி உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று இருந்தது. பாவி, எப்படிடா செய்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குற்றம் தேடினேன்.

"செயின் லூசா இருக்கு மாப்ள."

"மாமா வண்டியில எப்பவும் லூசுதானே மச்சான்" என்றான்.

அதுவும் சரிதான். நான் என் பெட்டியைத் திறந்து, என் வண்டியை எடுத்து, அவன் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வெயிலில் பளபளவென்று ஜொலித்தது. அவன் குனிந்து பார்த்து, "மச்சான், இன்னா ஃபினிஷிங்! இந்த மாரி எனக்குச் சாகுற வரிக்கும் வராது" என்றான். நிஜமாகத்தான் சொன்னான், அவனுக்குப் பொய் வராது. அதைக்கூட என்னால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் ஒரு கோடியில் ஆரம்பித்தாள். ஸ்கூட்டர் ஸ்கூட்டராக ஹெட்லைட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம், நம்பர் பிளேட்டில் ஒன்று, ஒரு பூ. குனிந்த தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தாள். பெஞ்சுக்கு வந்தாள். ஸ்பேனருக்கு வைத்தாள். மாப்பிள்ளை செய்த வண்டியின் ஹெட்லைட்டில் விரல் நுனியால் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், நம்பர் பிளேட்டுக்கு வைத்தாள், ஒரு பூவின் இதழைக் கிள்ளி ஹேண்டிலில் செருகினாள். கை நிற்கவே இல்லை. என் வண்டியைத் தாண்டி அடுத்த ஸ்கூட்டருக்குப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? குஷி. போச்சு! பளபளப்பில்லாத பெயிண்ட்மேல் ஈரக் குங்குமம் பட்டால் ஊறிவிடும், ஜென்மத்துக்கும் போகாது. அத்தனை மாத வேலையும் நாசம். மாப்பிள்ளை முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கத் திரும்பினேன். அவன் கை கூப்பிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் அதை நிஜ வண்டி என்று நினைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள். அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. நாலு ஸ்கூட்டர் தள்ளிப் போனவள் நின்று, திரும்பி வந்தாள்.

"ஐயய்யோ மாப்ள, வண்டின்னு வெச்சிட்டேனே." அப்புறம் குனிந்து பார்த்தாள். "மட்டப்பலககூட கீதே" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, என்னுதுக்கு வைக்கல?" என்றேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"உன்னுது புதுசா நல்லா கீதுடா. தொட்டா கத்துவ."

"கத்தமாட்டேன். வை."

அம்மா தன் விரலைப் பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்த விரல். என் டேங்கைப் பார்த்தாள். "வேணாண்டா, வீணாப் பூடும். பொம்மைய நீ ஷோகேஸ்லயே வெச்சிக்கோ" என்று விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வைது சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "மாப்ள, இத நான் எடுத்துக்கினு போலாமா? அவரு படத்தாண்ட வெச்சிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான், பந்தயம் முடிந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதைச் செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸில் யார் கொண்டுபோவது? ஹேண்டிலைத் தொட்டால் ஹேண்டில் கழன்றுவிடும், சீட்டைத் தொட்டால் பெயிண்ட் வந்துவிடும். மாப்பிள்ளை என்னிடம் வந்தான். "மச்சான், நீங்களே புடிச்சிக்கினு போங்க. உங்களாண்டதான் பத்திரமா இருக்கும்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அதை எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாங்கிக்கொண்டேன். என் வண்டி பெட்டியோடு பஸ் சீட்டுக்கு அடியில் போனது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். நல்ல கூட்டம். ஜன்னல் ஓரத்தில் அம்மா, பக்கத்தில் நான், என் உள்ளங்கையில் அவன் வண்டி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கையை ஸ்பிரிங் மாதிரி தாழ்த்தித் தூக்கினேன். விட்டுவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஒரு பிரேக் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவ்வளவு நல்ல வேலையை விட்டுவிட என் விரல் சம்மதிக்கவில்லை, அதுவும் ஒரு எரிச்சல். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் ரொம்ப நேரமாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், எங்க நைனா வண்டி அப்டியே கீது சார். யாரு செஞ்சது?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எம் புள்ளதான். இதோ, இவன்தான். கம்பெனில பெயிண்ட்டு வேல பாக்கறான்."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பர் சார்! இந்தத் துரு எப்டி சார் வர வெச்சீங்க?"

என்னால் என்னவோ சொல்லிச் சமாளித்திருக்க முடியும். ஆனால் அது எப்படி வந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கேட்டால் அவன் சொல்லியிருப்பான், நான் கேட்கவில்லை.

"தெரியாதுங்க" என்றேன். "நான் செய்யல. எங்க வூட்டு மாப்ள செஞ்சது."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அம்மா என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"ஏன்டா, நான் சொன்னா சொன்னபடி வுட்டா இன்னா? உனக்கு வயிறு எரிஞ்சிகினு கீதேன்னுதானே சொன்னேன்."

"எரியுதும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"எரியட்டும்" என்றாள். "வண்டிய சாய்க்காம புடி."